கொல்லிமலை முக்கோணம் அல்ல!

பள்ளிக்கூடத்துப் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் என்ன வரைவான்?

இரண்டு முக்கோண மலை. நடுவே பாதிச் சூரியன். கீழே ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம்.

சேலத்துப் பையனும் இதைத்தான் வரைகிறான். நாமக்கல் பெண்ணும் இதைத்தான் வரைகிறாள்.

அவன் ஊரில் தலையை நிமிர்த்தினால் சேர்வராயன் மலை தெரிகிறது, கஞ்சமலை தெரிகிறது. அவள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரிகிறது. இவற்றில் எதுவும் முக்கோணமாக இல்லை!

பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. காலண்டரைப் பார்த்துக் காப்பி அடிக்கப் பழக்கியவர்கள் பெரியவர்களே. ஓவியம் கற்க வேண்டுமானால் வெளியே போய், கண்ணால் கண்டதை வரைய வேண்டும்.

குழாய் செய்த புரட்சி

ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். வெளியே எடுத்துப் போவது பெரும் தொல்லை.

1841-ம் ஆண்டு, லண்டனில் இருந்த ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். மூடியைத் திறந்து பிதுக்கினால் வர்ணம் வரும். அதன் பிறகு ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போவது எளிதாயிற்று.

வைக்கோல் போரின் விலை

பிரான்சு நாட்டு ஓவியர் மோனே, 1890-91-ல் தம் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த கதிர்ப் போர்களை வரைந்தார். ஒரு படம் அல்ல. சுமார் 25 படங்கள்!

காலையில் ஒரு நிறம். மாலையில் ஒரு நிறம். பனியில் வேறு நிறம். வெளிச்சம் மாறியதும் அந்தப் படத்தை வைத்துவிட்டு, அடுத்த படத்தை எடுப்பார்.

அவற்றில் ஒன்று 2019-ல் நியூயார்க்கில் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது!

சேலம், நாமக்கல் கிராமங்களிலும் வைக்கோல் போர் உண்டு. அதை உற்றுப் பார்ப்பவர்தான் குறைவு.

கண் கற்கும் பாடம்

சேலத்தில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை நீலம். கிட்டே போனால் பச்சை. ஏன்? நடுவே உள்ள காற்று, சூரிய ஒளியில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது. அது மலை மேல் நீலத் திரை போட்டதுபோல் தெரிகிறது.

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் காயும் மாவு வெள்ளைதான். ஆனால் மாலை வெயிலில் அது மஞ்சளாக மின்னும். செம்மண் மேல் விழும் பனைமர நிழலும் வெறும் கறுப்பு அல்ல. இவற்றைக் காலண்டர் சொல்லித் தராது.

எப்படித் தொடங்குவது?

முதலில் பென்சில் போதும். பிறகு வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நாலு குழாய் வாங்கலாம். மற்ற நிறங்களைக் கலந்து கொள்ளலாம்.

படம் சின்னதாக இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் வெயில் இடம் மாறிவிடும்; நிழலும் மாறிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

சேலத்து வெயிலில் நீர் வர்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் காய நாள் கணக்கில் ஆகும். தப்பாகிவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

சோறு போடுமா?

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எல்லோருக்கும் கிடைக்காது. கணக்குப் படிப்பவர் எல்லோரும் கணக்கு மேதை ஆவதில்லை. அதற்காகக் கணக்கை யாரும் நிறுத்துவதில்லை.

மோகனூரில் 1888-ல் பிறந்த இராமலிங்கம் பிள்ளையை நாமக்கல் கவிஞர் என்று நாடு அறியும். அவர் நல்ல ஓவியர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மனிதர்களின் முகங்களை வரைந்து பெயர் பெற்றவர் அவர். அவர் பிறந்த மண்ணின் முகத்தை வரையப் பிள்ளைகள் வர வேண்டாமா?

"செல்போனில் ஒரு நொடியில் படம் எடுக்கலாமே!" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் ஒரு நொடி பார்த்தது ஒரு நாளில் மறந்துபோகும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த மரம் ஆயுளுக்கும் மறக்காது.

குச்சிக்கிழங்குக் காடு வீட்டு மனை ஆகிறது. பனை மரம் சாய்கிறது. தன் ஊரைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அதில் எது குறைகிறது என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். பெற்றோர் அதைக் கொடுத்தால் போதும். மீதியைக் கொல்லிமலை கற்றுக் கொடுக்கும்.