ஒலியின் கடிவாளம் எவர் கையில்?

செயற்கை நுண்ணறிவின் துணையுடன் பாடல் ஆக்குவது இன்று எவருக்கும் எட்டாக்கனி அன்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் சுனோவும் 2024 ஏப்ரலில் யூடியோவும் பொதுப் பாவனைக்கு வந்தன. நான்கு வரிகளை எழுதிக் கொடுத்தால் மெட்டு, வாத்தியம், குரல் அனைத்தும் சேர்ந்த முழுப் பாடலொன்று சில நொடிகளில் கைக்கு வந்துவிடுகின்றது. ஆரம்பத்தில் எழுந்த வியப்பு இப்போது அடங்கியுள்ளது. ஏதோ ஒரு பாடல் கிடைப்பது போதாது, தாம் விரும்பிய பாடல் விரும்பிய வண்ணம் கிடைக்க வேண்டும் என்பதே இசையமைப்பாளர்களின் இன்றைய கோரிக்கை. ஒலியின் மீதான கட்டுப்பாடு என்று இதனையே குறிப்பிடுகின்றார்கள்.

நிறுவனங்களும் இக்கோரிக்கைக்குச் செவிசாய்த்துள்ளன. குரல் வேறு, தாளம் வேறு, வாத்தியம் வேறு எனத் தடங்களைப் பிரித்தெடுக்கவும், வேகத்தையும் சுருதியையும் கூட்டிக் குறைக்கவும், வாயால் முணுமுணுத்த மெட்டைக் கொடுத்து அதனை வளர்த்தெடுக்கவும் வசதிகள் வந்துள்ளன. சுனோ நிறுவனம் 2025 செப்டெம்பரில் வெளியிட்ட ஒலிக்கூடச் செயலி இவற்றிற் பலவற்றை ஒரே இடத்தில் தருகின்றது. பார்வைக்கு இவை பொதுவான கருவிகள். ஆனால் எதனைக் கட்டுப்படுத்தலாம், எதனைக் கட்டுப்படுத்த முடியாது என்பதைத் தீர்மானித்தவர்கள் எவர் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அந்த வினா நமது தீவகத்துக்கும் உரியதாகும்.

தீவகத்துக்கும் இயந்திர இசைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நயினை நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாத மகோற்சவத்தில் ஒலிக்கும் நாதஸ்வரமும் தவிலும், ஊர்காவற்றுறைக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் பேணிய நாட்டுக்கூத்துப் பாட்டும், வலையிழுக்கும் கடற்றொழிலாளர் பாடிய அம்பாவும், நெடுந்தீவிலும் அயற்றீவுகளிலும் தாய்மார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இசை பற்றிய பாடநூல்களில் அதிகம் இடம்பெறாதவை. அவை செவிவழி வாழ்பவை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் யுத்தமும் இடப்பெயர்வும் அச்செவிகளை ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் சிதறடித்தன. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி ஒலிநாடாக்களில் உறங்குகின்றது. இந்நிலையில், ஈழத்து நாட்டார் பாடல் ஒன்று தருக என்று இயந்திரத்திடம் கேட்டால் அது எதனைத் தரும்?

விடையை ஊகிப்பது கடினமன்று. தான் கேட்டுப் பயின்றவற்றின் சாயலையே இயந்திரம் தரும். மெட்டா நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட மியூசிக்ஜென் என்னும் மாதிரி 20,000 மணிநேர இசையைக் கொண்டு பயிற்றப்பட்டது. அதில் மேலைத்தேய இசையே மிகுதி என்பதை அதனை ஆக்கியோரே தமது ஆய்வுக் கட்டுரையில் ஒப்புக்கொண்டுள்ளனர். அம்மாதிரிக்கு நாம் ஒரு மெட்டைக் கொடுத்து வழிநடத்தலாம். எனினும் அந்த மெட்டை அது உள்வாங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். ஒலியைச் சிறு சிறு கணங்களாக வெட்டி, ஒவ்வொரு கணத்திலும் பன்னிரண்டு சுரத்தானங்களுள் எது மேலோங்கி நிற்கின்றதோ அதனை மட்டும் குறித்துக்கொள்கின்றது. பியானோவின் பன்னிரண்டு கட்டைகளுக்கு இது போதுமானது. நாதஸ்வரக்காரர் மூச்சினாலும் உதட்டினாலும், பாதி மூடிய துளையினாலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாதையை இது எவ்வாறு குறிக்கும்? கமகம் என்பது சுரத்தின் மேற் பூசும் அலங்காரமன்று, இராகத்தின் உயிரே அதுவாகும். பன்னிரண்டு பெட்டிகளுள் அடங்காதது வெளியே நின்றுவிடுகின்றது.

தாளத்தின் நிலையும் இதுவே. நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற ஓர் எண்ணையே பெரும்பாலான கருவிகள் கேட்கின்றன. அம்பாவின் வேகத்தை வகுப்பது எண்ணன்று, வலையின் பாரம். முன்னவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் பின்பாட்டுடன் சேர்ந்து இழுக்கின்றனர். பாரம் கூடும்போது பாட்டுத் தளர்கின்றது, வலை கரையை அண்மிக்கையில் பாட்டு விரைகின்றது. தவிலின் வலந்தலையில் விரற்கூடுகளும் இடந்தலையில் கழியும் நிகழ்த்தும் உரையாடலும் அந்த ஓர் எண்ணினுள் முழுதாக அடங்குவதன்று. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழகமும் வியந்து போற்றியது என்றால், அது நடைகளை அவர் கையாண்ட விதத்தினாலேயே ஆகும்.

இவ்வாறாயின் இயந்திரம் நமக்கு ஒவ்வாதது என்று முடிவு கட்டிவிடலாமா? அது அவசர முடிவாகும். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்துஸ்தானிக் குரலிசைக்கென வேறு வழியைக் காட்டியுள்ளது. முதலில் குரலின் ஏற்ற இறக்கத்தை ஒரு தொடர்கோடாக ஆக்கி, பின்னர் அக்கோட்டினைக் குரலாக மாற்றுகின்றது அந்த மாதிரி. பயன்படுத்துவோர் தாம் விரும்பும் வளைவைத் தாமே கொடுத்து அதனை வழிநடத்தலாம். பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை முன்னெடுத்த கொம்ப்மியூசிக் என்னும் திட்டம் கர்நாடக இசை உள்ளிட்ட ஐந்து மரபுகளை அவ்வவற்றின் இலக்கணப்படியே ஆராய்ந்தது. ஆகவே பன்னிரண்டு பெட்டிகள் தலைவிதியல்ல, அவை ஒரு தெரிவு மாத்திரமே. தமது இசைக்கு எத்தகைய பிடி வேண்டும் என்பதை அறிந்தவர்கள் கேட்டால் அத்தகைய பிடியை ஆக்கலாம். கேட்பதற்கு எவரும் இல்லாதபோது அடுத்தவனின் பிடியே நமக்கும் பிடியாகின்றது.

இதில் உள்ள ஆபத்தைச் சாதாரணமாகக் கருதிவிட முடியாது. தாயகத்தைக் கண்டிராத தலைமுறையொன்று புலம்பெயர் மண்ணில் வளர்கின்றது. ஊர் ஒன்றியத்தின் விழாவுக்காக இயந்திரம் ஆக்கிய ‘அம்பா’வை ஒரு பிள்ளை முதலிற் கேட்கின்றது என வைத்துக்கொள்வோம். பின்னொருநாள் உண்மையான அம்பாவைக் கேட்க நேர்ந்தால், சீரற்ற அந்த வேகமும் கரகரத்த அந்தக் குரலுமே அதற்குப் பிழையாகத் தோன்றும். நகல் அளவுகோலாகிவிட்டால் மூலம் குறையுடையதாகிவிடும்.

கட்டுப்பாடு என்பதன் இரண்டாவது பக்கம் உரிமை. மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றுக்காக ஏ.ஆர். ரஹ்மான் மீளக் கொணர்ந்தபோது, குடும்பத்தினரின் அனுமதி பெற்றுச் சன்மானமும் வழங்கியதாக அறிவித்தார். அக்காலப்பகுதியிலேயே, தெலுங்குப் படமொன்றில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அனுமதியின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி அவரது மகன் சட்ட அறிவித்தல் அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சோனி, யுனிவர்சல், வோர்னர் ஆகிய பெருநிறுவனங்கள் சுனோ மீதும் யூடியோ மீதும் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. 2025இன் பிற்பகுதியில் யுனிவர்சல் யூடியோவுடனும், வோர்னர் இரு நிறுவனங்களுடனும் இணக்கத்துக்கு வந்தன. புகழ் பெற்றவர்களுக்கும் பணம் படைத்தவர்களுக்கும் பேரம் பேசும் மேசையில் இடம் உண்டு. நெடுந்தீவின் ஒப்பாரிக்கு அங்கே ஆசனம் இல்லை.

இவ்விடத்தில் நமது மண்ணின் பழைய சட்டமொன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் தமிழிற் பொறித்த கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேச வணிகரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய பண்டங்களை ஏற்றிய கலம் உடைந்தால் இரு சாராருக்கும் சரிபாதி. அலை கரையில் ஒதுக்கிய பொருள் என்பதற்காக அது எவரும் அள்ளிச் செல்லக்கூடியதாகிவிடவில்லை. உடையவனின் பங்கு கல்லில் எழுதப்பட்டிருந்தது. இணையக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாடல்களும் குரல்களும் உடையவர் அற்றவை என்று கருதுவோர் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கல்லை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நாட்டின் நடைமுறைச் சட்டமும் இவ்விடயத்தில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. வணிக நோக்கிலோ மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்வதும் தழுவுவதும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. ஆயின் அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில், ஒரு பாடலைப் பிரதி செய்யாமலே அதன் சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயந்திரத்தை எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு எடுத்தலும் பயன்பாடே என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதேவேளை இதே தொழில்நுட்பம் நமக்குக் கைகொடுக்கவும் காத்திருக்கின்றது. 1970களின் இறுதியில் ஜோன் லெனன் ஒலிநாடாவிற் பதிந்து வைத்த பாடலொன்றை 1995இல் முழுமையாக்க முயன்ற பீற்றில்ஸ் குழுவினர், பியானோ ஒலியிலிருந்து குரலைப் பிரிக்க இயலாமற் கைவிட்டனர். இயந்திரக் கற்றல் அக்குரலைத் தூய்மையாகப் பிரித்துக் கொடுக்க, 2023 நவம்பரில் அப்பாடல் வெளியாயிற்று. இல்லாத குரலை இயந்திரம் அங்கே படைக்கவில்லை. இருந்த குரலை மீட்டது. ஆலய வீதியின் இரைச்சலுள் அமிழ்ந்துபோன நாதஸ்வரத்தையும், தேய்ந்த ஒலிநாடாவில் மங்கிப்போன கூத்து அண்ணாவியாரின் குரலையும் இவ்வண்ணம் மீட்க முயலலாம். மீட்பதற்கும் புனைவதற்கும் இடையிலான எல்லையை மறவாதிருத்தலே முக்கியம்.

செய்ய வேண்டியவை எவை? முதலாவது, ஒலிப்பதிவு. ஒலியின் மீதான மிகச் சிறந்த கட்டுப்பாடு பதிவு செய்யும் இடத்திலேயே தொடங்குகின்றது. திருவிழாக்களில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துத் தனித்தடமாகப் பதிவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆலய பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் யாழ். பல்கலைக்கழகத்தின் இசைத் துறையினரும் கைகோத்தால் போதும். இரண்டாவது, ஆவணம். பாடியவர் எவர், எந்த ஊர், எத்தொழிலின்போது பாடப்பட்டது, எத்தகைய பயன்பாட்டுக்குச் சம்மதித்தார் என்பன பதிவுடன் சேர்த்தே எழுதப்படல் வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்தின் அனுபவம் இதற்கு வழிகாட்டும். மூன்றாவது, பங்கு. நமது ஒலிகளைக் கொண்டு வணிகம் செய்வோர் அவ்வொலிக்குரிய சமூகத்துக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். நான்காவது, அறிவித்தல். இயந்திரம் ஆக்கியதை இயந்திரம் ஆக்கியது என்றே சொல்ல வேண்டும். ஆலய மேடையிலும் வானொலியிலும் இது கட்டாயமாதல் நன்று.

இவற்றுள் முதலிரண்டுக்கும் கொழும்பின் அனுமதியோ வெளிநாட்டு நிறுவனங்களின் தயவோ வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்க் கோயில்களின் கோபுரங்களுக்கு வாரி வழங்குகின்றார்கள். அக்கோபுரத்தின் கீழ் ஒலிக்கும் நாதத்துக்கும் அவர்கள் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும். பழைய பாட்டுக்களை நெஞ்சில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றார்கள். அவர்களது குரல் பதியப்பட்ட பின்னரே எந்தப் பிடி வேண்டும், எந்தப் பங்கு வேண்டும் என்று நாம் எவருடனும் பேச முடியும். அப்பணி அடுத்து வரும் திருவிழாவிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.