நாணயச்சாலையின் நாணயத்தைக் காப்பாற்றியது யார்?

திருடினால் மரண தண்டனை. அமெரிக்காவில் தேசிய நாணயச்சாலையை உருவாக்கிய 1792-ம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவே இருந்தது. காசில் வேண்டுமென்றே தங்கத்தையோ வெள்ளியையோ குறைத்தாலும், உலோகத்தைச் சுருட்டினாலும் அதிகாரியின் உயிருக்கே ஆபத்து.

கேட்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் பிலடெல்பியா நாணயச்சாலையின் 19-ம் நூற்றாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. டாலர் காசின் மதிப்பைக் காத்தது கடுமையான தண்டனை இல்லை. சலிக்காமல் நடந்த எடையும் சோதனையும்தான். சோதனை தளர்ந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

தூசியும் தங்கம்தான்

அன்று தங்கக் காசின் மதிப்பு அதிலிருந்த தங்கம்தான். 1837 முதல் தங்கம், வெள்ளி இரண்டிலும் 1,000 பங்குக்கு 900 பங்கு சுத்த உலோகம் என்பது சட்டம். கடைக்காரர் ஒவ்வொரு காசையும் தராசில் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டும் என்றால், அந்த வேலையை நாணயச்சாலை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும்.

1836-ல் பிலடெல்பியாவில் நீராவி அச்சு இயந்திரம் வந்தது. காசு அடிப்பது வேகமானது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் தங்க வில்லைகளைப் பெண் ஊழியர்கள் ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். எடை கூடினால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். குறைந்தால் திரும்பவும் உருக்குக்குப் போய்விடும்.

நகைக்கடையில் நாம் முகம் சுளிக்கிற 'சேதாரம்' அங்கேயும் பெரிய தலைவலி. உருக்கும்போதும் வெட்டும்போதும் கொஞ்சம் உலோகம் போகத்தான் செய்யும். அதனால் சேதாரத்துக்குச் சட்டமே உச்ச வரம்பு வைத்தது. தரையில் பெருக்கிய குப்பையைக்கூட எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

வெளியாள் வந்து பார்க்கட்டும்

உள்ளே இருப்பவர்களே எடை போட்டு, அவர்களே 'எல்லாம் சரி' என்று சொன்னால் போதுமா? போதாது என்று சட்டம் நினைத்தது. அடித்த காசுகளில் சிலவற்றை எடுத்துத் தனிப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு அதிகாரிகள் பொறுப்பு. ஒருவர் இல்லாமல் மற்றவர் அதைத் திறக்க முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை சோதனை ஆணையம் கூடி, அந்தக் காசுகளை எடை போட்டு, உருக்கி, மாற்றுப் பார்க்கும். 1797-ல் தொடங்கிய இந்த ஆணையத்தில், 1837-க்குப் பிறகு குடியரசுத் தலைவர் நியமிக்கும் பொதுமக்களும் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கார்சன் சிட்டி கிளையின் டாலர்களில் வெள்ளி குறைவாக இருப்பதை 1881-ல் கண்டுபிடித்ததும் இதே ஆணையம்தான்.

'எப்போதும் சரியாத்தானே இருக்கு, எதுக்கு இந்தச் சடங்கு?' என்று கேட்கலாம். காசில் தங்கமும் வெள்ளியும் இல்லாமல் போன பிறகு, 1980-ல் ஆணையம் கலைக்கப்பட்டது நியாயம்தான். அதுவரை அது வீண் சடங்கு இல்லை. வெளியாள் வந்து பார்ப்பார் என்ற நினைப்பே உள்ளே இருந்தவர்களின் கையை நேராக வைத்தது.

முத்திரை அப்படியே இருந்தது

இந்தப் பழக்கம் காசோடு நின்றுபோனதுதான் பிரச்சினை. பிராங்க்ளின் பீல் தலைமை நாணய அதிகாரி. நீராவி அச்சைக் கொண்டுவந்த பெரிய திறமைசாலி. அதே ஆள் நாணயச்சாலையின் இயந்திரங்களையும் ஊழியர்களையும் வைத்துச் சொந்தமாகப் பதக்கம் அடித்து விற்றார். குடியரசுத் தலைவர் பியர்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது 1854-ல்தான். திறமைசாலியை யாரும் கணக்குக் கேட்கவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

1893-ல் நடந்தது இன்னும் மோசம். 1887-ல் முத்திரையிட்ட பெட்டகத்தைத் திறந்து எடை போட்டார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் தங்கம் காணோம். எடுத்தவர் ஹென்றி காக்ரன்; பல பத்தாண்டுகள் அங்கேயே வேலை பார்த்த எடைக் குமாஸ்தா. முத்திரையைத் தொடாமலே, கம்பிக் கதவு வழியாகக் கட்டிகளை வெளியே இழுத்திருந்தார்.

ஆறு ஆண்டுகள் எல்லோரும் முத்திரையைத்தான் பார்த்தார்கள், தங்கத்தைப் பார்க்கவில்லை. 'பழைய ஆள், நல்ல மனுஷன்' என்ற நம்பிக்கை தராசின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

சந்தேகம் இல்லை, மரியாதை

பணம், மருந்து, மக்களின் தகவல் என எதைக் கையாளும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும். தணிக்கை என்றாலே 'என்னைச் சந்தேகப்படுறீங்களா?' என்ற கோபம் வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, குறித்த நாளில், வெளியாள் வந்து செய்யும் சோதனை யாரையும் அவமானப்படுத்துவதில்லை. நேர்மையானவருக்கு அது பாதுகாப்பு. 'என் கணக்கு சரி' என்று அவர் தானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. யாராவது மாட்டிய பிறகு அவசரமாக வைக்கிற சோதனைதான் அவமானம்.

தண்டனையைக் கூட்டுவது எளிது, ஒரு சட்டத் திருத்தம் போதும். வருடா வருடம் பெட்டகத்தைத் திறந்து எடை போடுவதுதான் கஷ்டம். நிர்வாகம் என்பது அந்தக் கஷ்டமான வேலைதான்.