காணிக்கை: சொல்லும் பொருளும்

'காண்' என்னும் வினையடியாகப் பிறந்த 'காணிக்கை', பெரியோரைக் காணச் செல்வோர் கைக்கொண்டு செல்லும் பொருளைக் குறிப்பது. தமிழ்க் கிறித்தவம் இச்சொல்லை ஏற்றபோது அதன் பொருள் திசைமாறியது. மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகள் செல்வர் இட்டவற்றினும் மிகுதியாக மதிக்கப்படுகின்றன. கொடுத்த அளவன்று, கொடுத்தபின் எஞ்சியதே அங்கு அளவுகோல்.

திருநெல்வேலித் திருச்சபைகளின் பிடியரிசிக் காணிக்கை இதற்குத் தக்க சான்று. உலையிடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். அது மிச்சத்திலிருந்து அன்று, அன்றைய உணவிலிருந்தே எடுக்கப்படுவது. அதனைக் காண்போரும் இலர். மறைவாகக் கொடுக்குமாறு கூறும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தோடு இது முற்றும் பொருந்துகிறது.

கொடையாளர் பெயரையும் தொகையையும் பலரறிய அறிவிக்கும் வழக்கமோ காணிக்கையை அதன் பழம்பொருளுக்கே மீட்டுச்செல்கிறது. ஆகவே, கிறித்தவக் கொடையை ஆராய்வோர் கணக்கேடுகளோடு அடுக்களைப் பானையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.