கல்லாவில் ஓர் ஆள் இருக்கட்டும்

நாங்கள் இருவரும் மகள் வீட்டில் நலமாக இருக்கிறோம். இங்கிலாந்தின் வடக்கே பிரெஸ்டன் என்கிற ஊர். வந்து இரண்டு மாதமாகிறது. "சார், ஊர் சுத்திப் பாத்தீங்களா, போட்டோ போடுங்க" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பார்த்தோம், போட்டோவும் வரும். இன்றைக்கு எழுதப்போவது பலசரக்குக் கடையைப் பற்றி. கொஞ்சம் நீளும். பெல் அடித்த பிறகும் கணக்கை முடிக்காமல் விடாதவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன புதன்கிழமை மகளுக்கு ஆஸ்பத்திரியில் மாலை டூட்டி. மருமகன் வெளியூர். வீட்டம்மாவுக்கு லேசாக உடம்பு சுட்டது. பக்கத்தில் பத்து நிமிட நடையில் ஒரு பெரிய கடை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பால், வாழைப்பழம், கொத்தமல்லி, பாராசிட்டமால் இரண்டு பெட்டி. அவ்வளவுதான் சாமான்.

பணம் கட்டும் இடத்தில் ஏழெட்டுக் கல்லா வரிசையாக இருக்கிறது. ஒன்றிலும் ஆள் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்தில் எட்டு மெஷின்கள். நாமே ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கோடு போட்ட பட்டையைக் காட்ட வேண்டும், 'பீப்' என்றதும் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும், கார்டைத் தேய்த்துவிட்டுப் போக வேண்டும். மகளோடு போனபோது பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு இது என்ன பிரமாதம் என்று நின்றேன்.

மஞ்சப்பையைத் தட்டில் விரித்தேன். உடனே மெஷின், எதிர்பாராத பொருள் ஒன்று இருக்கிறது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னது. தலைக்கு மேலே ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தத் தட்டுக்கு அடியில் தராசு இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் எடையும் மெஷினுக்கு முன்பே தெரியும். நாம் காட்டிய பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் விடையைச் சரிபார்ப்பீர்களே, அதே முறைதான். கோவில்பட்டி மஞ்சப்பை அதன் கணக்கில் இல்லை.

ஒரு சின்னப் பெண் ஓடிவந்து ஏதோ தட்டினாள், விளக்கு அணைந்தது. வாழைப்பழத்துக்குப் பட்டை கிடையாது, படத்தைத் தேடித் தொட வேண்டும். தொட்டேன். பிறகு பாராசிட்டமால். மறுபடி சிவப்பு. இந்த நாட்டில் மருந்துக்கடை அல்லாத கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைக்கு மேல் விற்கக்கூடாது என்று 1998-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். நிறையச் சாப்பிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறவர்களைத் தடுக்கத்தான். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. மெஷின் என் வயதைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிட்டது. எனக்கு 71. அந்தப் பெண் வந்தாள், தட்டினாள், போனாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்த நேரத்தில் இன்னும் மூன்று கம்பங்களில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எட்டு மெஷினுக்கும் அவள் ஒருத்திதான்.

கடைசியில் பில் வேண்டுமா என்று கேட்டது. காகிதம் எதற்கு வீண் என்று வேண்டாம் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வெளியே போக ஒரு கண்ணாடிக் கதவு. பில்லில் உள்ள பட்டையைக் காட்டினால்தான் அது திறக்குமாம். பில் இல்லாமல் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், பின்னால் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். காவலுக்கு இருந்தவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கொத்தமல்லியைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வீடு வந்து சேரும்வரை காது சூடாகவே இருந்தது.

34 வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவன் நான். பறக்கும் படையோடு போய்ப் பையன்களின் சட்டைப் பையைத் துழாவியிருக்கிறேன். ஒரு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு பையன் அடிக்கடி பையில் கைவைக்கிறான் என்று எழுப்பி நிறுத்தினேன். உள்ளே இருந்தது மடித்த காகிதத்தில் கொஞ்சம் திருநீறு. அம்மா கொடுத்து அனுப்பியது. "சரி, உக்காந்து எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. புதன்கிழமை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

இது எப்போது ஆரம்பித்தது என்று மறுநாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பழைய வழக்கம் விடுமா. 1916 வரை அமெரிக்காவிலும் நம் அண்ணாச்சி கடை மாதிரிதான். சிட்டையை நீட்டினால் கடைக்காரர் எடுத்துக்கொடுப்பார். அந்த வருஷம் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, சாமானை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடையைக் கையில் கொடுத்தார். 1974-ல் ஒஹையோ மாநிலத்து ட்ராய் ஊரில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் பட்டைக்கோடு வைத்து விற்ற முதல் சாமான். 1986-ல் அட்லாண்டா பக்கம் ஒரு கடையில் பில் போடுவதையும் வாடிக்கையாளர் கைக்கே தள்ளிவிட்டார்கள்.

சாண்டர்ஸ் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் சாயங்காலம் போனால் இருபது நிமிடம் நிற்க வேண்டும். அவர் போடுவதுதான் பருப்பு, புழு இருந்தாலும் வீட்டுக்கு வந்துதான் தெரியும். (கூட்டலில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. பொட்டலத்தாளில் பென்சிலால் பதினைந்து வரி எழுதி என்னைவிட வேகமாகப் போட்டுவிடுவார். மனதில் ஒரு பொறாமை உண்டு.) சாமானை நாமே எடுக்கும் வேலை நம் தலையில் விழுந்தபோது, பதிலுக்குப் பார்த்து எடுக்கும் உரிமை கிடைத்தது, விலையும் இறங்கியது. இப்போது பில் போடும் வேலையும் நம்முடையது. பதிலுக்கு என்ன கிடைத்தது? மெஷினில் போட்டால் பாலுக்கு ஒரு பென்னி குறைகிறதா என்றால் இல்லை. கல்லாக்காரர் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன், கூலி இல்லை, கூடவே என்மேல் ஒரு சந்தேகமும். இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதையெல்லாம் வீட்டம்மாவிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, "எனக்கு மெஷின்தாங்க பிடிச்சிருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் பொம்பள என்னமோ கேக்குறா, எனக்குப் புரியல. ரெண்டாந்தரம் கேட்டா பின்னாடி நிக்கிறவங்க பெருமூச்சு விடுறாங்க. மெஷின் கத்தும், அவ்வளவுதானே. அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது." பதில் சொல்லத் தெரியவில்லை. மகளும் அம்மா கட்சி. ராத்திரி டூட்டி முடிந்து வரும்போது யாரிடமும் வாய் திறக்கத் தெம்பில்லை, மெஷின் இருப்பது புண்ணியம் என்கிறாள். ஆக, மெஷினை உடைத்துப்போடு என்று நான் சொன்னால் முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும். மெஷின் இருக்கட்டும். அதைக் காட்டி, பக்கத்தில் உள்ள கல்லாவை இருட்டாக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இந்தப் பக்கத்தில் 'பூத்ஸ்' என்று ஒரு பழைய கடை, 1847-ல் ஆரம்பித்தது. 2023 நவம்பரில் அவர்கள் தங்கள் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றதிலிருந்து இந்த மெஷின்களை எடுத்துவிடப்போவதாக அறிவித்தார்கள். அந்த இரண்டும் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும் ஏரிப் பக்கத்து ஊர்களில் இருப்பவை. நெதர்லாந்தில் 'யும்போ' என்ற கடைக்காரர்கள் 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவசரமில்லாதவர்கள் நின்று பேசிவிட்டுப் போவதற்கென்றே ஒரு கல்லா. தனியாக இருக்கும் வயசாளிகளை நினைத்துச் செய்தது.

சனிக்கிழமை மகள் எங்களை பூத்ஸுக்கு அழைத்துப் போனாள். கல்லாவில் என் வயதை ஒட்டிய ஓர் அம்மா. கொத்தமல்லிக் கட்டு இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இவ்வளவையும் என்ன செய்வீர்கள் என்று வீட்டம்மாவைப் பார்த்தே கேட்டார். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. "சட்னி" என்றாள். பிறகு கையால் அரைப்பது போலக் காட்டினாள், மிளகாய், புளி என்று ஏதேதோ பாதி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா புளி என்றால் என்ன என்று கேட்டார். இரண்டு நிமிடம் போயிருக்கும். பின்னால் நின்றவர் பெருமூச்சு விடவில்லை. வெளியே வந்ததும், "நல்ல மனுஷி" என்றாள்.

எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. காரில் ஏறியதும் மகள் பில்லைக் காட்டினாள். "அப்பா, அங்க வாங்கியிருந்தா இதே சாமானுக்கு இவ்வளவு ஆகியிருக்காது. மாசாமாசம் இங்க வர முடியாது." பார்த்தேன், உண்மைதான். அன்று இரவெல்லாம் இதுதான் உறுத்தியது. கல்லாவில் ஓர் ஆள் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்ப்பது, கூடுதலாகக் காசு கொடுக்க முடிகிறவர்களுக்கான வசதியாக ஆகிக்கொண்டிருக்கிறதா? விலை மலிந்த கடைக்குப் போகிறவனுக்குத்தான் தராசும் கேமராவும் கண்ணாடிக் கதவுமா? அங்கே போகிறவர்களில்தானே தனியாக இருக்கும் கிழவர்களும் கிழவிகளும் அதிகம் இருப்பார்கள்.

மருமகனிடம் கேட்டேன். "சம்பளம் கட்டுப்படியாகல மாமா, ஆளும் கிடைக்கல" என்றார். இருக்கலாம். எட்டுக் கல்லாவுக்கும் ஆள் போடச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம். இரவு ஒன்பது மணிக்கும்.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்த மாதிரி மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறீர்கள். 97 பேட்சில் மட்டும் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எடை ஒத்துவரவில்லை என்றால் முதலில் திரையில் மெதுவாகச் சொல்லக்கூடாதா? எடுத்ததும் எதற்குக் கூச்சலும் சிவப்பு விளக்கும்? பில் இல்லாமல் கதவு திறக்காது என்றால், பில் வேண்டுமா என்று கேட்பானேன்? தப்புக் கணக்குப் போட்டவனை எழுப்பி நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்பேன் என்று நீங்கள் என்னைச் சொல்வீர்கள். சொல்லுங்கள், அதற்கு உரிமை உண்டு.

அந்தத் திருநீறு பொட்டலத்துப் பையன் இந்தக் குழுவில் இருக்கிறானா என்று தெரியாது. பெயர் ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுதமாட்டேன். தம்பி, இதைப் படித்தால் கமெண்ட்டில் எழுத வேண்டாம், வாட்ஸப்பில் கூப்பிடு. இங்கே நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எப்போது கூப்பிட்டாலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.