கூத்துக்களமும் கணினிக்களமும்

இணைய விளையாட்டு என்ற சொல் தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் அச்சத்துடனேயே உச்சரிக்கப்படுகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற விளையாட்டுகளில் சேமிப்பை இழந்து, கடனில் மூழ்கி, உயிரையும் மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளை நாம் தொடர்ந்து படித்திருக்கிறோம். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் அவசரச் சட்டமும், 2023-இல் ஆளுநரின் ஒப்புதலுடன் முறையான சட்டமும் வந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடு முழுவதும் தடை செய்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை.

ஆனால், இணைய விளையாட்டு என்பது சூதாட்டம் மட்டுமே அன்று. பந்தயம் ஏதும் கட்டாமல், வெல்வதற்கென்று ஓர் இறுதி எல்லையும் இல்லாமல், ஒரே கற்பனை உலகில் லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவரும் விளையாட்டுகளும் உள்ளன. அவற்றின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் விளக்காது. அதைப் புரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

எடுத்துக்காட்டாக ‘ரூன்ஸ்கேப்’ என்ற விளையாட்டைக் கொள்ளலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தம் சகோதரருடன் சேர்ந்து உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்டது. இணைய விளையாட்டு உலகில் ஐந்தாண்டு நீடிப்பதே அரிது. இதுவோ கால் நூற்றாண்டைத் தொட்டிருக்கிறது. இதற்கு முன்னரே 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’, 2004-இல் வந்து 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களை எட்டிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆகியவையும் இன்றளவும் இயங்குகின்றன. இவை அனைத்துக்கும் மூதாதை, 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்துகளாலேயே அமைத்த ஒரு சிறு கற்பனை உலகம்.

ரூன்ஸ்கேப்பில் வீரனாகத்தான் வாழவேண்டும் என்பதில்லை. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், சமைக்கலாம். ஒவ்வொரு தொழிலிலும் 99 படிகள். ஒவ்வொரு முறை மரம் வெட்டும்போதும் குறிப்பிட்ட அளவு அனுபவப் புள்ளி சேரும். 99-ஆம் படியை எட்ட 1,30,34,431 புள்ளிகள் தேவை. இதில் வேடிக்கை என்னவென்றால், 92-ஆம் படியை எட்டியவர் அப்போதுதான் பாதி வழி கடந்திருப்பார். எஞ்சிய ஏழு படிகளுக்கு, முதல் 92 படிகளுக்குச் செலவிட்ட அளவு உழைப்பு மீண்டும் தேவை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை வியக்கவைத்த செய்தி இது. கூடுதல் உழைப்புக்குக் கிடைக்கும் பயன் படிப்படியாகக் குறைந்தால் மனிதர் விலகிவிடுவார் என்பது எங்கள் பாடநூல் கணக்கு. இங்கோ, பயன் குறையக் குறையப் பற்று கூடுகிறது. ஏன்? உழைப்பின் கூலி சிறிதாயினும் அது உறுதியானது. ஒரு மரத்துக்கு இத்தனை புள்ளி என்றால், அத்தனையும் வந்து சேரும். யாரும் பிடித்தம் செய்வதில்லை, முடிவுகள் நிறுத்திவைக்கப்படுவதில்லை, தேர்வுப் பட்டியல் வழக்கில் சிக்குவதில்லை.

இதை நம் இளைஞரின் நிஜ உலகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024-இல் தொகுதி 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். ஓரிடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். தொழில் வளம் குறைந்த எங்கள் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில், பட்டம் பெற்றபின் மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்சி மையத்துக்கும் வீட்டுக்கும் இடையே நடக்கும் இளைஞர்களை நான் நன்கறிவேன். அவர்களிடம் உழைப்பு இருக்கிறது. தாம் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. தோற்றவருக்குக் கிடைப்பது பட்டியலில் தம் எண் இல்லை என்ற செய்தி மட்டுமே. 92-ஆம் படியில் நிற்பவரும் முதல் படியில் நிற்பவரும் அங்கே ஒன்றுதான்.

கற்பனை உலகத்தின் பொருளாதாரம் வெறும் உவமை அன்று. 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எவர்குவெஸ்ட் விளையாட்டின் கற்பனை நாட்டை நிஜ நாட்டைப் போலவே அளந்தார். அங்குச் சேர்த்த பொருள்களை ஆட்டக்காரர்கள் வெளிச் சந்தையில் டாலருக்கு விற்றுவந்தனர். அந்த விலைகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்த நாட்டின் தலா வருமானம் 2,266 டாலர், ஒரு மணி நேரக் கூலி 3.42 டாலர் என்று தெரியவந்தது. ரஷியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை. பின்னாளில் வெனிசுவேலாவின் நாணயம் பணவீக்கத்தில் கரைந்தபோது, அந்நாட்டு இளைஞர்கள் பலர் ரூன்ஸ்கேப்பில் தங்கம் சேர்த்து விற்று வீட்டுக்கு அரிசியும் மருந்தும் வாங்கினர். விளையாட்டு விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஆனாலும், ஓர் அரசு அச்சிட்ட பணத்தைவிட ஒரு விளையாட்டின் கற்பனைத் தங்கம் நம்பகமாக இருந்தது என்பதைப் பொருளியல் மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

கூலி மட்டுமே காரணமாகவும் இருக்க முடியாது. முன்னர்க் குறிப்பிட்ட பார்ட்டில், 1996-இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க விரும்புவோர், சுற்றியறிய விரும்புவோர், பிறருடன் பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர். நீண்ட நாள் நிலைக்கும் உலகங்களில் இந்த நால்வருக்கும் இடம் உண்டு. அதாவது, அது ஒரு சமூகம்.

இந்தச் சமூகத்தின் வலிமைக்கு ரூன்ஸ்கேப்பின் வரலாறே சான்று. 2012-இல் நிறுவனம் சண்டை முறையை அடியோடு மாற்றியது. மனம் கசந்த பலர் வெளியேறினர். பழைய விளையாட்டு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2013 தொடக்கத்தில் நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் வாக்களித்தனர். 2007-ஆம் ஆண்டின் பழைய வடிவம் சேமிப்பிலிருந்து மீட்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் அந்த உலகில் புதிதாக எதைச் சேர்ப்பதாயினும் ஆட்டக்காரர்களின் வாக்கைக் கேட்பது வழக்கமாயிற்று. தொடக்கத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. நம் கிராமசபைக் கூட்டங்களின் தீர்மானங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

ஒரு கற்பனை உலகில் பலர் கூடி வேடம் ஏற்பது ஏதோ மேலைநாட்டு நோய் என்று கருதுவோர், பனமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கோடைக் காலத்தில் வந்து பார்க்கலாம். இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் குன்று அது. பல்லவ மன்னர்கள் தம்மை அசுவத்தாமன் வழிவந்தவர்கள் என்று கல்வெட்டில் பொறித்துக்கொண்டவர்கள். பாரதக் கதையில் தமக்கொரு பாத்திரத்தை அரசர்களே தேடிக்கொண்ட மண்ணில், குடிமக்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாகப் போற்றப்படுகிறது. இவ்வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988-இல் வெளியிட்ட நூலைச் செஞ்சியிலிருந்தே தொடங்குகிறார்.

இங்கே பாரத விழா நாள்கணக்கில் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. பகாசூரனுக்கு உணவு கொண்டுசெல்லும் வண்டியின் பின்னே ஊரே நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று உயர்ந்த மரத்தின் மேல் ஏறிய கூத்தர் வீசும் எலுமிச்சைக்கும் திருநீற்றுக்கும் மடியேந்திப் பெண்கள் காத்திருப்பார்கள். இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அதன்பின் தீமிதி. பார்வையாளர், நடிகர் என்ற கோடு அங்கே அழிந்துவிடுகிறது. கதை எல்லோருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆயினும் அடுத்த ஆண்டும் வருகிறார்கள். முடிவு தெரிந்த, முடிவே இல்லாத ஓர் உலகுக்குள் மீண்டும் மீண்டும் நுழைவதன் இன்பம், கணினிக்கு முன்பே இம்மண்ணுக்குத் தெரிந்ததுதான்.

அப்படியானால் கூத்துக்களத்தை விட்டுப் பிள்ளைகள் ஏன் கணினிக்களத்துக்குப் போகிறார்கள்? கைப்பேசியைக் குறைகூறுவது எளிது. ஆனால் நாம் கேட்கத் தயங்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது: நம் களத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததா? இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால், 2023 ஜூனில் வருவாய்த் துறை அந்தக் கோயிலுக்கு முத்திரையிட்டது. உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே கதவு திறந்தது. ஐவருக்கும் தேவியான, அநீதிக்கு எதிராக அவையில் நின்று நீதி கேட்டவளின் சந்நிதியில் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கற்பனை உலகில் ‘நீ எந்தத் தெரு?’ என்று யாரும் கேட்பதில்லை. பெயரை அவரவரே சூட்டிக்கொள்கிறார்கள். குழுவில் மதிப்பு, செய்யும் காரியத்தால் வருகிறது. இது முழு விடுதலை என்று நான் சொல்லவில்லை. வசவும் ஏமாற்றும் அங்கேயும் உண்டு. ஆனால் பிறப்பால் கதவடைக்கப்பட்ட ஒருவருக்கு அந்தக் கதவு எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை, கதவடைக்கப்படாத நாம் எளிதில் உணரமுடியாது.

உடலால் கட்டுண்டவருக்கும் அப்படித்தான். நார்வே நாட்டின் மட்ஸ் ஸ்டீன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் முடங்கி, 2014-இல் 25 வயதில் மறைந்தார். மகன் நண்பர் எவருமின்றித் தனிமையில் வாழ்ந்து மறைந்தான் என்றே பெற்றோர் வருந்தினர். அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியை எழுதியதும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. வார்கிராஃப்ட் உலகில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார். அந்தக் குழுவினர் சிலர் வேற்று நாடுகளிலிருந்து வந்து இறுதிச் சடங்கில் பங்கேற்றனர். பெற்றோர் தம் மகனை அன்றுதான் அறிந்தனர்.

இந்த ஈர்ப்பின் மறுபக்கத்தை மறைப்பதும் நேர்மையாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, விளையாட்டுக் கோளாறு அதில் இடம்பெற்றது. எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பது மட்டும் அதற்கு அளவுகோல் அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முதலிடம் தருதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள். கூத்துக்கும் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான். கூத்து விடிந்தால் முடியும், வேடம் கலையும், வயலுக்குப் போகவேண்டும். கணினி உலகம் விடிவதில்லை. மேலும், அது ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆட்டக்காரர் தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு வருவாய்.

எனவே கொள்கை வகுப்போர் மூன்றையும் பிரித்தறிய வேண்டும். பணப்பந்தய விளையாட்டு ஒரு வகை. அதற்குத் தடை சரியே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கும் விளையாட்டுகள் இரண்டாம் வகை. பெல்ஜியம் 2018-இலேயே இதனைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. நம் நாட்டிலும், குறைந்தபட்சம் சிறாருக்கு இவற்றை விற்பது நிறுத்தப்பட வேண்டும். மூன்றாவது, கூடி வாழும் கற்பனை உலகங்கள். இவற்றைத் தடை செய்வதால் பயனில்லை. இவை எந்த வெற்றிடத்தை நிரப்புகின்றன என்று பார்ப்பதே பயன்.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு நம்முடையது. போட்டித் தேர்வில் தோற்றவருக்கும் அவர் எந்தப் பகுதியில் எவ்வளவு பின்தங்கினார் என்பது உரிய காலத்தில் தெரியவேண்டும். ஊர் நூலகமும் விளையாட்டுத் திடலும் மாலையில் திறந்திருக்க வேண்டும். கூத்துக் கற்க விரும்பும் பிள்ளைக்கு, அவர் ஊரில் பிறந்தாலும் காலனியில் பிறந்தாலும், அர்ச்சுனன் வேடம் கட்ட உரிமை வேண்டும். பெற்றோர்களோ ‘எவ்வளவு நேரம் ஆடினாய்?’ என்று கேட்பதோடு, ‘அங்கே நீ யாராக இருக்கிறாய்?’ என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

உழைத்தால் உயர்வு உண்டு, என் உழைப்பு பிறர் கண்ணில் படும், என் பெயரைச் சொல்லி அழைக்க நால்வர் இருக்கிறார்கள்: மனிதர் கேட்பது இவ்வளவே. இதைத் தர ஒரு கணினி நிறுவனத்தால் கால் நூற்றாண்டு முடிந்திருக்கிறது என்றால், ஒரு சமூகத்தால் ஏன் முடியாது?

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).