பறிக்கப் பறிக்கப் பெருகும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குப் பெருமழை தருவது ஐப்பசி முதல் தை வரையான வாடைக்காலமே. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று, மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, வெறும் அனலாகவே நம்மை வந்தடைகிறது. இந்நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டு 25 நாள் நல்லூர்த் திருவிழாவுக்குச் செல்வோர், திரும்புகையில் கருகிய தோட்டத்தையே எதிர்பார்ப்பர். பத்து நாட்களின் பின் நாம் திரும்பியபோதோ, வளவு பச்சைப் பசேலென்றிருந்தது. வெண்டி பூத்துக் குலுங்கிற்று. பயற்றங்கொடி பந்தல் நிறையக் காய்த்திருந்தது.

காரணம் யாது? அயல்வீட்டு அம்மையார் அந்திதோறும் கிணற்று நீர் இறைத்து ஊற்றினார். பாத்திகளில் நாம் பரப்பிச் சென்ற வைக்கோல் அவ்வீரத்தைக் காத்தது. அவை மட்டுமல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்களைப் பறித்து அவர் தம் பிள்ளைகளுக்குச் சமைத்தார். வெண்டியையும் பயற்றையும் முற்றவிட்டால், செடி விதையை வளர்ப்பதிலேயே தன் வலுவைச் செலவிடும், பூப்பது குறையும். பறிக்கப் பறிக்கவே மீண்டும் பூக்கும்.

ஆதலின், வாசக நேயர்களே, பயணம் புறப்படுமுன் அயலாரிடம் ‘தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ‘காய்களைப் பறித்துச் சமையுங்கள்’ என்றும் மனமாரக் கூறுங்கள். அவர்கள் உண்ணும் காயினாலேயே நம் தோட்டமும் காய் குறையாதிருக்கும்.