ரோலிக் என்றால் என்ன? விம்மர்பிக்குச் செல்லும் தொடர்வண்டியும் அண்டைமொழியும்

மொழி எது, கிளைமொழி எது என்று கற்பிக்கும் முதல் வகுப்பிலேயே ஸ்காண்டிநேவியா வந்துவிடும். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜியன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளத்தக்கவை. ஆயினும் அரசுகள் மூன்று என்பதால் மொழிகளும் மூன்று எனப்படுகின்றன. பக்கத்திலேயே இந்தியும் உருதும் எடுத்துக்காட்டாக எழுதப்படும். மாணவர் குறித்துக்கொள்வர், தேர்விலும் எழுதுவர். அந்த வாக்கியத்தில் ‘புரிந்துகொள்ளத்தக்கவை’ என்னும் சொல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பது அங்கே பேசப்படுவதில்லை. அதை அறிய, கோடை விடுமுறையில் கோபன்ஹேகனில் குழந்தைகளோடு தொடர்வண்டி ஏறும் ஒரு டேனிஷ் குடும்பத்தை எண்ணிக்கொள்ளலாம். அவர்கள் போகுமிடம் ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பகுதியிலுள்ள விம்மர்பி என்னும் சிற்றூர். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1907இல் பிறந்த ஊர் அது. அவருடைய கதைகளால் ஆன பூங்கா இருப்பதும் அங்கேதான்.

பயணத்தின் தொடக்கமே ஒரு பாடம். 2000ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட ஓரேசுண்ட் இணைப்பில், வண்டி முதலில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கத்தில் செல்கிறது. பின்னர் மனிதர் உருவாக்கிய ஒரு தீவில் வெளிப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாலத்தின் வழியாக மால்மோவை அடைகிறது. டென்மார்க்கில் இத்தடத்தின் மின்னழுத்தம் 25,000 வோல்ட். ஸ்வீடனில் 15,000 வோல்ட். அலைவெண்ணும் வேறு. டென்மார்க்கில் வண்டிகள் வலப்பக்கத் தடத்தில் ஓடும், ஸ்வீடனில் இடப்பக்கத்தில். இரு மின்னோட்டங்களையும் ஏற்கும் வண்டிகளைப் பொறியாளர்கள் செய்தனர்; பக்கம் மாறுவதற்கும் வழி அமைத்தனர். பயணிக்கு இவை எதுவும் தெரிவதில்லை. பாலத்தின் பெயரிலும் இதே இணக்கம் உண்டு. அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் முதலெழுத்து டேனிஷ் முறைப்படி, வட்டத்தின் குறுக்கே கோடிட்ட ‘ஓ’. ஈறு ஸ்வீடிஷ் முறைப்படி ‘புரோன்’. இரு நாட்டு இலக்கணத்துக்கும் முழுமையாகப் பொருந்தாத, இரு நாட்டாரும் படிக்கக்கூடிய பெயர்.

மனிதர்களுக்கு அத்தகைய மின்மாற்றி எதுவும் பொருத்தப்படவில்லை. மால்மோவைத் தாண்டியதும் சிக்கல் தொடங்குகிறது. டேனிஷ் மொழியில் ஐம்பது என்பது ‘ஹால்வ்ட்ரெஸ்’. இருபதின் இரண்டரை மடங்கு என்பது அதன் வேர்ப்பொருள். ஸ்வீடிஷில் ‘ஃபெம்டியோ’, அதாவது தமிழின் ஐம்பதைப் போலவே ஐந்து பத்து. தந்தை தம் மொழியில் விலை கேட்டால் சிற்றுண்டிப் பணியாளர் விழிப்பார். டேனியரின் ‘ஃப்ரோகொஸ்ட்’ நண்பகல் உணவு, ஸ்வீடியரின் ‘ஃப்ரூகொஸ்ட்’ காலை உணவு. ஸ்வீடனில் ‘கிளாஸ்’ கேட்டால் கையில் வருவது ஐஸ்கிரீம் (குழந்தைகள் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை). எழுத்தில் இரு மொழிகளிலும் ஒன்றேயான ‘ரோலிக்’ என்ற சொல்லுக்கு ஸ்வீடிஷில் வேடிக்கையான, மகிழ்ச்சி தரும் என்று பொருள். டேனிஷில் அமைதியான என்று பொருள். கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழப்பம் அமைய முடியாது. இரண்டு முறை தடுமாறியபின் பெற்றோர் ஆங்கிலத்துக்குத் தாவுவர். பணியாளரும் நிம்மதியோடு அதில் விடையளிப்பார்.

இந்தத் தாவலை வெறும் வசதி என்று கடந்துவிட முடியாது. ஐனார் ஹாகன் 1966இல் இப்பகுதியின் உரையாடலை ‘அரைத்தொடர்பு’ என்று விவரித்தார். ஒவ்வொருவரும் தம் மொழியைப் பேச, மற்றவர் இரைச்சலுக்கிடையே பொருளை மீட்டெடுக்க முயல்வது அது. பாதி புரியும், பாதி ஊகம். ஆனால் அந்த ஊகத்தைச் செய்யும் விருப்பம் இருந்தது. நாடுகளும் அதைச் சட்டமாக்கின. 1981இல் கையெழுத்தாகி 1987இல் நடைமுறைக்கு வந்த நோர்டிக் மொழி உடன்படிக்கை, ஒரு நோர்டிக் நாட்டவர் மற்றொன்றின் அலுவலகத்தில் தம் மொழியைப் பயன்படுத்த வழி செய்தது. டெல்சிங்கும் லுண்டின் ஓகெசனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு கண்டதோ வேறு. அண்டைமொழியைப் புரிந்துகொள்வதில் இளையோர் தம் பெற்றோரைவிடப் பின்தங்கியிருந்தனர். நார்வேயினர் சிறந்து நின்றனர். ஸ்வீடியருக்கும் டேனியருக்கும் இடையிலான புரிதல் நலிவுற்றிருந்தது. பாலத்தின் அருகே வாழும் மால்மோ மக்கள் ஸ்டாக்ஹோம் மக்களைவிட டேனிஷை நன்கு புரிந்துகொண்டனர் என்பதும் அதே ஆய்வின் செய்தி. ஒலியொற்றுமை மட்டும் புரிதலைத் தருவதில்லை, காது பழகவும் வேண்டும். எனவே ‘புரிந்துகொள்ளத்தக்கவை’ என்பது மொழிகளின் நிலையான பண்பு அன்று. பேசுவோர் தலைமுறைதோறும் செலுத்தி வரும் உழைப்பு அது. உழைப்பு நின்றால் பண்பும் போய்விடும்.

இனி விம்மர்பி. மின்மயமாகாத தடத்தில் டீசல் வண்டி லின்ஷோப்பிங்கிலிருந்து காடுகளினூடே தெற்கு நோக்கிச் செல்கிறது. 1981இல், கதையில் வரும் வீட்டை மூன்றில் ஒரு பங்கு அளவில் சிலர் கட்டியதிலிருந்து வளர்ந்தது இப்பூங்கா. இங்கே வானைத் தொடும் உருளோட்டங்கள் இல்லை. பிப்பியின் வீடு இருக்கிறது, எமீலின் பண்ணை இருக்கிறது, ரோன்யாவின் கோட்டை இருக்கிறது. அவற்றின் முன் நடிகர்கள் கோடை முழுவதும் கதைகளை நடிக்கின்றனர், ஸ்வீடிஷில். அயல்நாட்டுப் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் நடிக்க வேண்டும், குறைந்தது ஒலிபெருக்கியில் மொழிபெயர்ப்பாவது வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழக்கூடியதே. எழுந்தாலும் அதற்கு இணங்கக் கூடாது. உடன்படிக்கைகளால் செய்ய இயலாத ஒன்றை இந்தப் பிடிவாதம் செய்கிறது.

டேனிஷ் குழந்தை ஏற்கெனவே பிப்பியை அறியும். பிப்பி டேனிஷில் ‘லாங்ஸ்ட்ரெம்பெ’, ஸ்வீடிஷில் ‘லோங்ஸ்ட்ரம்ப்’. இரண்டும் நீண்ட காலுறையே. கதை தெரிந்திருப்பதால் ஊகிப்பதற்குப் பிடிமானம் கிடைக்கிறது. எமீலின் தந்தை பையன் பெயரைக் கூவிக்கொண்டு ஓடும்போது அகராதி தேவையில்லை. எமீல் தன் தொப்பியை ‘மிஸ்ஸே’ என்றும் துப்பாக்கியை ‘பிஸ்ஸே’ என்றும் ஸ்மோலாந்து வழக்கில் சொல்கிறான். பொதுமொழியில் அவை ‘மோஸ்ஸா’, ‘போஸ்ஸா’. ஆகவே ஸ்டாக்ஹோம் குழந்தையும் அங்கே சற்றுக் காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டும். அயலார் மொழி, நம் மொழி என்ற கோடு அந்த மரப்பலகை இருக்கையில் மங்கிப்போகிறது. ஆங்கில ஒலிபெருக்கி வந்தால் முதலில் இழக்கப்படுவது இந்த உழைப்பே.

மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பின்லாந்துக் குழந்தைக்கு ஸ்வீடிஷ் உறவுமொழி அன்று. ஃபின்னிஷ் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சாமி, கிரீன்லாந்து மொழிகள் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இடம்பெறவே இல்லை. ‘நோர்டிக் ஒற்றுமை’ என்று பேசுவோர் பலநேரம் பெரிய மூன்று மொழிகளின் ஒற்றுமையையே பேசுகின்றனர். அவர்களுக்கு ஆங்கிலம் சமநீதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்நீதி அலுவலகத்தில் தேவைப்படுவது. நாடக மேடையில் அன்று.

டென்மார்க்கின் பில்லுண்டில் 1968இல் திறந்த லேகோ பூங்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ‘நன்றாக விளையாடு’ என்ற இரு டேனிஷ் சொற்களின் சுருக்கமே லேகோ. எனினும் செங்கல்லுக்கு மொழி வேண்டாம். அதனால் அப்பூங்கா இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலும் தடையின்றி முளைத்தது. குறையொன்றுமில்லை. எமீலின் பண்ணையை அவ்வாறு பெயர்த்து நட முடியாது. ஜெர்மன் பதிப்பில் எமீலின் பெயரே மீஷெல் ஆகிவிட்டது. எரிக் கெஸ்ட்னரின் எமீல் அங்கே முன்பே இருந்தான்.

பூங்கா செய்யக்கூடியது ஒன்றுண்டு: நாடகத்துக்கு முன் டேனிஷிலும் நார்வீஜியனிலும் ஃபின்னிஷிலும் ஒருபக்கக் கதைச்சுருக்கம், கூடவே ‘ரோலிக்’ போன்ற பத்துச் சொற்களின் பட்டியல். தொடர்வண்டியிலும் இது இயலும். பணியாளர் ஆங்கிலத்துக்குத் தாவும் முன் ஒருமுறை தம் மொழியிலேயே மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம். ஐம்பது குரோனர் என்பதை விரல் விரித்துக் காட்டினாலும் போதும்.